இரண்டு வாரமாக உங்கள் ஆர்டர் வரவில்லை

திருச்சி
17 ஏப்ரல்

தமிழரசிக்கு,

தபாலில் எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே கண்ணடிக்கும் பொம்மையைப் போட்டுவிடுவாய். தபாலில் அந்தத் தொல்லை கிடையாது.

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் பதினான்கு வரை நம் காரைக்கால் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. பைபர் படகில் வருகிற கொஞ்ச மீன் கருக்களாச்சேரிக்கே காணாது. இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நம்மிடம் மீன் வாங்கும் திருச்சிக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்டி வர வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தெரியாமையை வைத்துத்தான் உன் பாண்டிச்சேரி ஆலோசகர் ராஜ்மோகன் கடை விரித்தார்.

"மேடம், ரெண்டு மாசம் கண்ணுல படாம இருந்தா கஸ்டமர் உங்கள மறந்துடுவாங்க. மேற்குக் கடற்கரைல இப்ப தடை இல்ல. லாரில கொண்டாந்துடலாம். பெட்டி உங்களுது, பேரு உங்களுது. மீன் எங்கேர்ந்து வந்தா அவங்களுக்கு என்ன?"

அவர் இப்படிச் சொன்னதும் நீ அவரை எழுப்பி வாசலுக்கு அனுப்புவாய் என்று நினைத்தேன். "கிலோ என்ன வெல விழும்?" என்று கேட்டாய். நான் எழுந்துவிட்டேன்.

மூன்று வருடமாக ஒவ்வொரு பெட்டியிலும் 'இன்று காலை காரைக்காலில் இறங்கியது' என்று என் கையால் எழுதிய சீட்டு போகிறது. சீட்டுகளைக் கட்டுக் கட்டாக எழுதி உனக்கு அனுப்புவது எனக்கு அலுத்ததே இல்லை, ஏனென்றால் அது உண்மை. 'கருக்கல் மீன்' என்ற நம் கடைப் பெயருக்கு இருக்கிற மதிப்பே அந்த ஒரு வரிதான். அதை லாரி மீனில் ஒட்ட நான் எழுதித் தர மாட்டேன்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். கடைப் போனை அன்றே உன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இனி அது உன் பொறுப்பு.

கோவிந்தராசு அண்ணனுக்கு என் வணக்கம்.

உமாமகேஸ்வரி


கருக்களாச்சேரி
22 ஏப்ரல்

அடி உமாமகேஸ்வரி எம்.காம்.,

தபால்காரர் உன் கடிதத்தை நீட்டிவிட்டு, "கோர்ட் நோட்டீஸாம்மா?" என்று கேட்டார். "அதைவிட மோசம், கூட்டாளி நோட்டீஸ்" என்றேன்.

தடைக்காலத்தைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாய். மீன் எந்த மாதத்தில் முட்டையிடும் என்று விலங்கியல் படித்துப் பரீட்சை எழுதியது நானா, நீயா? நான் கடலோரம் பிறந்தவள், நீ குரும்பகரத்து வயற்காட்டுப் பெண். காலேஜ் பஸ்ஸில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனவள். இன்றைக்கு எனக்கு மீன் மானம் கற்றுத் தருகிறாய். நல்லா இருக்குடி.

விலை கேட்டேன். ஆமாம். மீன்காரி வேறு என்ன கேட்பாள், ஜாதகமா? செதில் சீவி வெட்டிக் கட்டுகிற மூன்று பெண்களுக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. நீலாயதாட்சி போன வாரமே "அக்கா, என்ன பண்ணப் போறோம்?" என்று வந்து நின்றாள். நான் யோசிக்கக்கூடக் கூடாதா? என் யோசனை முடிவதற்குள் உன் செருப்புச் சத்தம் தெருமுனைக்குப் போய்விட்டது. ராஜ்மோகனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உன் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. கேட்காதவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஒன்று மட்டும் அந்த ஆள் சொன்னதில் நியாயம். போன தடைக்காலம் முடிந்தபோது பாதி வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை. "ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு"ன்னு நான் உன்னைக் கெஞ்சினேன். "எனக்குக் கெஞ்சிப் பேச வராது" என்று சொல்லி, உனக்குப் பதிலாக ஒரு மிஷினைப் பேச வைத்தாய். மீன் நன்றாக இருந்தால் வருவார்கள் என்பது உன் கணக்கு. நம் முகம் ஞாபகம் இருந்தால்தான் வருவார்கள் என்பது என் கணக்கு.

அதனால் இந்த இரண்டு மாதமும் தினமும் ஒரு வீடியோ போடப் போகிறேன். எங்கள் படகைக் கரையேற்றி இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டுவது, கிழிந்த வலையைப் பொத்துவது, பெயிண்ட் அடிப்பது, எல்லாம் வரும். மீனே இல்லாத மீன்கடைக்கு விளம்பரமா என்று கேட்பாய். கேள்.

என் வீட்டுக்காரர், உன் கோவிந்தராசு அண்ணன், வணக்கம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

தமிழரசி


திருச்சி
28 ஏப்ரல்

தமிழரசிக்கு,

நேற்றுக் காலை சந்திரலேகா கூப்பிட்டார். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடி, ஆரம்பத்திலிருந்து நம் வாடிக்கையாளர், ஞாபகம் இருக்கும். "மேடம், வஞ்சிரம் எடுத்து வெச்சிருக்கோம்னு உங்க கடையிலேர்ந்து மெசேஜ் வந்துச்சு. உடனே ரெண்டு கிலோ கேட்டேன். பதிலே காணோமே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல்தானே நடந்திருக்கிறது.

ஆக, லாரி வந்துவிட்டது.

ராஜ்மோகனுக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை என்று குறைபட்டாய். இனிக் கேட்க வேண்டியதில்லை.

நீலாயதாட்சிக்கு வேலை இல்லாததை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அதற்காக நீ விற்றது மீனை இல்லை. மற்றவர்கள் ஏமாற்றினால் வியாபாரம் என்று விட்டுவிடுவேன். உன்னை அப்படி விட முடியவில்லை. நான் மனிதர்களைச் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. நம்பின சிலரில் நீ ஒருத்தி.

என் பெயரைக் கடையிலிருந்து எடுத்துவிடு. மிச்சமிருக்கும் சீட்டுகளைக் கிழித்துவிடு.

உமாமகேஸ்வரி


கருக்களாச்சேரி
2 மே

உமா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உனக்கு வந்திருக்காத அந்தச் செய்தியைக் கடைப் போனிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

'வணக்கம். இரண்டு வாரமாக உங்கள் ஆர்டர் வரவில்லை. இன்று காலை விசைப்படகில் வந்து இறங்கிய வஞ்சிரம் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். அன்புடன், கருக்கல் மீன்.'

ஒரு மீன் படம் இல்லை, ஒரு ஆச்சரியக்குறி இல்லை. நான் எழுதினால் இப்படியா இருக்கும்? இது போன தீபாவளிக்கு நீ போனில் அமைத்து வைத்ததுடி. இரண்டு வாரம் ஆர்டர் செய்யாதவருக்குத் தானாகப் போகும். இத்தனை நாளும் யாரோ ஒருவர் இருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நாம் கடைசியாகப் பெட்டி அனுப்பியது ஏப்ரல் பதின்மூன்று. அதற்குப் பிறகு யாராலும் ஆர்டர் செய்ய முடியாது. இருபத்தேழாம் தேதி காலை அது எல்லோருக்கும் போய்விட்டது. அந்த மிஷினைப் பற்றிக் கிண்டல் எழுதிய இதே கை அதை நிறுத்தவில்லை. நீயும் போனை மேசையில் வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லாரியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. விலையைக் கேட்டேன், அவர் சொன்னார். "இந்த வெலைக்கு எங்க ஊரு பேர விக்க மாட்டேன், காபியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க"ன்னு சொன்னேன். நீ அப்போது தெருமுனை தாண்டியிருப்பாய்.

இனிமேல்தான் விஷயம். நம்மூர்ப் பையன் ஒருவன் திருச்சியில் வேலை பார்க்கிறான். யாரோ காட்டிய அந்தச் செய்தியை ஊருக்கு அனுப்பிவிட்டான். தடைக்காலத்தில் விசைப்படகில் வஞ்சிரம்! கடை தமிழரசியுடையது, தமிழரசி வீட்டுக்காரருக்குப் படகில் பங்கு இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள், "ஒங்க ஊருலேர்ந்து எவன்டா திருட்டுத்தனமா கடலுக்குப் போனான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சாயத்து கூடிவிட்டது.

பெண்கள் பொதுவாக ஓரத்தில்தான் நிற்பார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"எங்க படகு கரையில கெடக்கு. இன்ஜின் கழட்டி எங்க வீட்டு வாசல்ல கெடக்கு. இன்ஜின் இல்லாத படகுல அவரு என்ன நீந்திக்கிட்டா வல வீசுனாரு?" என்றேன். கூட்டம் சிரித்தது. தலைவர் முத்துக்குமரன் அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப வேற எவன் போனான்? பேரச் சொல்லு."

"எவனும் போகலண்ணே. மீனே கெடையாது. செய்தி தானா போயிடுச்சு."

"செய்தி தானா போகுமா? எழுதி வெச்சவுங்க யாரு?"

"என் கட பேருல போச்சு. நான் சொன்னதாவே வெச்சுக்கங்க."

தீர்ப்பு இதுதான். அந்தச் செய்தி யார் யாருக்குப் போனதோ, அத்தனை பேருக்கும் உண்மை தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தடை முடிகிற அன்று எல்லாப் படகும் இறங்கும், எங்கள் படகு இறங்காது. "இன்னொரு செய்தி போட்டுடறேண்ணே"ன்னேன். "செய்தி போட்டுத்தான கெட்டுச்சு? இன்னொரு செய்திய எவன் நம்புவான்? வாயால சொல்லணும்" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் மறுப்பு இல்லை.

உன் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விடிந்ததும் படகடிக்குப் போய்ப் பெயிண்ட் அடிக்கிறார், இறங்காத படகாகவே இருந்தாலும் அழகாக நிற்கட்டும் என்பது போல.

எல்லோருடைய எண்களையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்த குரல் என்னுடையது இல்லை, நீ திருச்சியில் இருக்கிறாய். கெஞ்சிப் பேச வராது என்பாய். கெஞ்ச வேண்டாம். பேசு.

சீட்டுகளைக் கிழிக்கவில்லை.

தமிழரசி


திருச்சி
5 மே

தமிழரசிக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தச் செய்தி நான் எழுதியது. நிறுத்தாமல் எழுந்து வந்ததும் நான்தான். லாரி வந்துவிட்டது என்று எழுதினேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பஞ்சாயத்தில் என் பெயரை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். குரும்பகரத்துக்காரி, ஊருக்கு வெளியே இருப்பவள், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் கேலியாகத்தான் எழுதுவாய்.

இன்று மாலை ஆரம்பிக்கிறேன். என் சொந்த எண்ணிலிருந்து.

உமா


திருச்சி
20 மே

தமிழரசி,

முடித்துவிட்டேன். எல்லோரிடமும் பேசிவிட்டேன். எடுக்காதவர்களை எடுக்கும்வரை கூப்பிட்டேன். ஒரு வீட்டில் என்னைக் கடன் அட்டை விற்பவள் என்று நினைத்து மூன்று தடவை துண்டித்தார்கள்.

முதல் நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் வகுப்பில் வணிகவியல் நடத்தியவள், முதல் எண்ணைப் பாதி அழுத்துவதும் அழிப்பதுமாக இருந்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, "பாடக் குறிப்பு எழுதிக்கயேன்" என்றார். எழுதிக்கொண்டேன். முதல் அழைப்பிலேயே அது உதவாமல் போனது.

நான் சொன்னது இவ்வளவுதான்: 'கருக்கல் மீனிலிருந்து உமாமகேஸ்வரி பேசுகிறேன். உங்களுக்கு வந்த செய்தி தவறு. வஞ்சிரம் எதுவும் இறங்கவில்லை. ஜூன் பதினான்கு வரை எங்கள் கடலில் விசைப்படகு போகாது. அதுவரை எங்களிடம் மீன் இல்லை.' இதைச் சொன்னால் சரி என்று வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் வைக்கவில்லை.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற தியாகராசன் சார் எடுத்ததும் கேட்டது: "ஏம்மா, படகுக்கு நீலம் அடிக்கிறீங்களே, பச்சை அடிச்சா எடுப்பா இருக்குமே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உன் வீடியோ ஒன்றையும் விடுவதில்லையாம். இன்ஜின் கழற்றியதைப் பார்த்திருக்கிறார். "இன்ஜின் இல்லாம எப்படி வஞ்சிரம்னு அன்னைக்கே வீட்டம்மாகிட்ட சொன்னேன்" என்றார். அவர் மட்டுமில்லை, பாதிப்பேர் பார்க்கிறார்கள். நீலாயதாட்சி சிப்பி சுரண்டிக்கொண்டே கோவிந்தராசு அண்ணனைத் திட்டுகிற வீடியோவை எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் என் வாசலுக்கே வந்து போட்டுக் காட்டினார்கள். மீனே இல்லாத மீன்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்பேன் என்று நீதான் எழுதினாய். ஆனால் கேட்டிருப்பேன்.

கல்யாணச் சமையல் எடுக்கும் ஜெகபர் சாதிக் பாய் நம்மூர்க்காரர் என்பது இப்போதுதான் தெரியும். "தடைக்காலத்துல வஞ்சிரம்னு வந்ததும், இவங்களும் கேரளா லாரிக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுட்டேம்மா. மனசு விட்டுப் போச்சு. இல்லேங்கிறத நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்க. இது போதும்" என்றார். பெருமையாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பொய்யான ஒரு செய்தியால் கருக்களாச்சேரியில் ஒரு படகு நிற்கிறது என்று காரணத்தையும் சொன்னேன். அதை மறைத்தால் பாதி உண்மைதான் சொன்னதாக இருக்கும். சந்திரலேகா, "ஊர்த் தலைவர் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். ஊர்த் திருவிழா நோட்டீஸில் அச்சாகியிருக்கிற எண்தானே என்று கொடுத்தேன். அடுத்து இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். தவறு என்றால் சொல்.

உமா


கருக்களாச்சேரி
26 மே

அடி பாவி உமா,

தவறா! நீ என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

சனிக்கிழமை காலை முத்துக்குமரன் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார், போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு. "தமிழரசி, ஒன் ஆளுங்கள நிறுத்தச் சொல்லும்மா" என்றார். நான் பயந்துபோய் வெளியே வந்தேன்.

"அஞ்சு நாளா போனு. திருச்சி, திருச்சி, திருச்சி. ஒரு அம்மா, 'அய்யா, அந்த மெசேஜ் தப்புன்னு உமா மேடம் சொல்லிட்டாங்க'ங்குது. சாப்பாட்டுல கைய வெச்சா ஒரு ரயில்வேக்காரரு. 'படகு கரையில இருக்கறத நான் வீடியோவுல பாத்தேன், சாட்சி சொல்றேன்'ங்கறாரு. அவருக்கு நான் என்ன, ஜட்ஜா? பச்ச பெயிண்ட் அடிக்கச் சொல்லி எங்கிட்ட மனு வேற. ஒரு பாய் கூப்பிட்டு, 'நானும் காரக்கால்காரன்தான், அந்தப் பொம்பளங்க பொய் சொல்றவுங்க இல்ல'ங்கறாரு. இவங்கள்லாம் ஒனக்கு என்ன வேணும்?"

"மீன் வாங்கறவுங்கண்ணே."

"வெறும் மீன் வாங்கறவுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். "என் படகு நின்னா எனக்காக ஒரு யாவாரி போன் பண்ண மாட்டான். ஒம் படகு எறங்கட்டும். போன மட்டும் நிறுத்தச் சொல்லு."

உன் அண்ணன் உள்ளேதான் இருந்தார், எல்லாம் கேட்டது. வெளியே வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். "இன்ஜின மாட்ட வேணாமா?" என்றார். தெருவில் அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி நடந்ததில்லை.

மாலையில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் தலைவர் முடிவைச் சொன்னார். அப்புறம், "அந்த உமாங்கறது யாரு? எல்லாம் அது பேரையே சொல்றாங்க" என்று கேட்டார். "என் கூட்டாளி" என்றேன். இந்த முறை உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். உமாமகேஸ்வரி, எம்.காம்., குரும்பகரம்.

பதில் எழுத வேண்டாம் என்றாய், ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றி நான் மட்டும்தான் குறை பேசலாம். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது.

சரி, வேலைக்கு வா. ஜூன் பதினைந்து ஞாயிறு. முந்தின நாளே எல்லோருக்கும் ஒரு செய்தி போட வேண்டும். நீ எழுதுகிறாயா, நான் எழுதவா? நான் எழுதினால் பொம்மை வரும்.

தமிழரசி


திருச்சி
1 ஜூன்

தமிழரசி,

கோவிந்தராசு அண்ணனின் நடையைப் பற்றி நீ எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் உடனே எழுந்து கூடத்தில் நடந்து காட்டி, "இப்படியா?" என்றார். இருக்கலாம்.

செய்தி வேண்டாம். நீயும் எழுத வேண்டாம், நானும் எழுத வேண்டாம். அந்த மிஷினை முழுவதுமாக எடுத்துவிடு.

காரணம் சொல்கிறேன். இவ்வளவு நாள் மீன் நன்றாக இருந்தால் வருவார்கள் என்று நானும், முகம் ஞாபகம் இருந்தால் வருவார்கள் என்று நீயும் சண்டை போட்டோம். இரண்டையும் சோதித்துப் பார்க்க நமக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. என்றைக்கு மீன் வரும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் வாயால் சொல்லியிருக்கிறேன். அதை அவர்கள் நினைவில் வைத்திருந்தால் நாம் கூப்பிட வேண்டாம். வைத்திருக்காவிட்டால் அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது கர்வம் என்பாய். ஆமாம். இந்த ஒரு தடவை எனக்குக் கர்வப்பட உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். உனக்கும்தான்.

உமா


கருக்களாச்சேரி
11 ஜூன்

உமா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீலாயதாட்சி கேட்டாள்: "யாருமே கூப்பிடலேன்னா என்னக்கா பண்றது?" "உமாவ ஐஸ் பெட்டியில வெச்சு அனுப்புவோம்" என்றேன்.

இருந்தாலும் சம்மதம். மிஷினை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. உன்னைப் போலவே சந்தேகப் பிராணி.

ஆனால் படகு இறங்குவதை வீடியோ எடுத்துப் போடுவேன். அதைத் தடுக்க உன்னால் முடியாது. விலை போட மாட்டேன், நம்பர் போட மாட்டேன், ஆர்டர் என்ற சொல்லே வராது. படகு மட்டும். தியாகராசன் சாருக்கு ஆறுதலாக ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டிருக்கிறோம்.

பதினைந்தாம் தேதி விடிகாலையில் போய் அன்று சாயங்காலமே திரும்பிவிடுவார்கள், முதல் நாள் தூரம் போகப் போவதில்லை. மீன் ராத்திரி பஸ்ஸில் ஏறினால் திங்கள் காலை உன்னிடம். யாரும் கேட்காவிட்டாலும் வழக்கமான பெட்டிகளை அனுப்பத்தான் போகிறேன். விற்காவிட்டால் நீயே தின்னு. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னு.

தமிழரசி


திருச்சி
16 ஜூன்

தமிழரசி,

இதைக் காலிப் பெட்டியில் வைத்து மதிய பஸ்ஸில் அனுப்புகிறேன்.

நேற்று விடிந்ததும் முதல் அழைப்பு தியாகராசன் சார். "படகு போயிடுச்சாம்மா?" போய்விட்டது என்றேன். "பச்சைக் கோட்டப் பாத்தேன்" என்றார், ஏதோ அவரே கடலுக்குப் போகிறவர் போல. அடுத்து சந்திரலேகா. அதன் பிறகு போனைக் கீழே வைக்கவில்லை. என் கணவர் நடுவே காபியை நீட்டினார், அதைக் குடித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. போன தடைக்காலத்தில் நம்மை விட்டுப் போன வீட்டுக்காரர்கள் சிலரும் வந்தார்கள், பக்கத்து வீட்டில் கேள்விப்பட்டு. ஒருவரையும் நாம் கூப்பிடவில்லை.

இன்று காலை பெட்டிகள் எங்கள் வாசலில் இறங்கியபோது ஆட்டோக்காரருக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். வஞ்சிரம் திறந்த வேகத்தில் போய்விட்டது. ஜெகபர் சாதிக் பாய் சங்கரா மீனைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "இது எங்க ஊரு." கடைசியில் மீன் போதவில்லை. பலரை வெறும் பையோடு அனுப்ப வேண்டியிருந்தது. கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த பெட்டிக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் என் பழைய சீட்டைப் பார்த்தேன். 'இன்று காலை காரைக்காலில் இறங்கியது.' அதில் 'இன்று காலை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நேற்று சாயங்காலம்' என்று நீ எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு சீட்டிலும். ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்திருக்கும், ஐஸ் உருகிக்கொண்டிருந்திருக்கும், அத்தனை சீட்டையும் உட்கார்ந்து அடித்துத் திருத்தியிருக்கிறாய். யாரும் கவனித்திருக்கப் போவதில்லை. வாசலில் அத்தனை பேர் நிற்க, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சந்திரலேகா, "என்ன மேடம், ஏதாவது தப்பா?" என்று கேட்டார். "இல்லை, என் கூட்டாளியின் கையெழுத்து" என்றேன்.

புதிய சீட்டுக் கட்டு ஒன்று இந்தப் பெட்டியில் இருக்கிறது, ஈரம் படாமல் எடு. இந்த முறை நேரத்தை எழுத இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் உன்னுடையது.

அடுத்த தடவைக்குப் பெட்டியும் ஐஸும் கூட்டிச் சொல்லிவை. நீலாயதாட்சியிடம், என்னை ஐஸில் வைக்க இடம் இருக்காது என்று சொல். என் எண்ணைத் தடுத்து வைத்திருந்தால் அந்தத் தடையை எடுத்துவிடு. நாளைக் காலை கூப்பிடுகிறேன்.

முதல் வாக்கியத்தை மட்டும் என்னை முடிக்க விடு.

உமா